ஒரு நாள் குறைச்சல்

ஜூலை 17, வியாழன்

இன்றைக்கு தேனிக்குப் போய் வந்தோம். நான், மகள் ஜெயக்கொடி, பேத்தி கீர்த்தனா மூன்று பேரும். நர்சிங் கல்லூரியில் சர்டிபிகேட் சரிபார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். மார்க் பட்டியலில் பேத்தி ஏழாவது பேர். நான் அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் “பேத்தியை நர்சுக்குச் சேர்க்கப் போறோம்” என்று அவள் கேட்காமலே சொன்னேன். கண்டக்டரிடமும் சொன்னேன்.

ஆபீசில் கண்ணாடி போட்ட ஒருத்தர் எல்லாத் தாளையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறப்புச் சான்றிதழ் வந்ததும் நின்றார். காலண்டரைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார்.

“ஒரு நாள் குறையுதேம்மா” என்றார்.

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதிக்குள் பதினேழு வயது முடிந்திருக்க வேண்டுமாம். கீர்த்தனாவுக்கு ஜனவரி ஒன்றாம் தேதிதான் முடிகிறது. அதனால் இந்த வருஷம் சேர்க்க முடியாது, சீட்டை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைக்கிறோம், நல்ல மார்க் என்பதால் அடுத்த ஜூனில் நேராக வந்து சேர்ந்துகொள்ளலாம் என்று சொன்னார். அப்படியே ஒரு கடிதமும் அடித்துக் கொடுத்தார். நல்ல மனுஷன். ஜெயக்கொடிக்கு அவரே தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

அவர் என்னிடம் வேறு ஒரு கேள்வியும் கேட்டார். பதில் சொன்னேன்.

திரும்பி பஸ்ஸில் வந்தோம். பஸ் மாற வேண்டிய போடி வந்தும் கீர்த்தனா இறங்கவில்லை. நான் தோளைத் தட்ட வேண்டியிருந்தது.

ஜூலை 18

ஏலக்காய் ஸ்டோர் வேலைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன். தலைவலி இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

மாப்பிள்ளை தவமணி மலையிலிருந்து இறங்கி வந்தார். ஜீப் ஓட்டுகிறார். எஸ்டேட்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் வருவது. நல்லவர்தான், கோபம் வந்தால் மட்டும் ஜீப் ஆரன் மாதிரி. அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் நாலு வீடு. சத்தம் இங்கே வரை கேட்டது. போனேன்.

கீர்த்தனா சுவரோரம் நிற்கிறாள். கையில் அந்தக் கடிதம்.

“அப்ளிகேசன்ல என்ன போட்டிருக்குன்னு படிச்சுப் பாக்க மாட்டியா? இங்கிலீசுல தொண்ணூத்தி மூணு வாங்குனவதானே நீ? வயசு எத்தனைன்னு ஒரு வரி, அதைப் பாக்கத் தெரியல!”

“பாத்தேம்ப்பா. பதினேழு வயசுன்னு இருந்துச்சு. ஜனவரி பொறந்ததும் முடிஞ்சிரும்னு நெனச்சேன். தேதியைப் பாக்கல.”

“தேதியைப் பாக்கல! பாத்திருந்தா வேற காலேசுக்காவது போட்டிருக்கலாம்ல? இப்ப எல்லாம் மூடிட்டான். ஊருல ஒரு பய விடாம எம் மக நர்சு, எம் மக நர்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். ஸ்டாண்டுல எவன் மூஞ்சியில முழிக்கிறது?”

“விடுங்க மாப்ள, சின்னப் பிள்ள” என்றேன்.

“நீங்க சும்மா இருங்கத்தே. நீங்க குடுக்குற செல்லம்தான். பொறுப்புன்னு ஒண்ணு வேணாமா?”

ஜெயக்கொடி அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்தாள். நான் காம்பவுண்டுக்கு வெளியே பார்த்தேன். நாய் ஒன்று போனது.

ஜூலை 25

ஸ்டோருக்குப் போனேன். ஏலக்காயைச் சல்லடையில் போட்டு, வெடித்தது, பச்சை மங்கியது, பொடி எல்லாம் தனித்தனியாக ஆய்வோம். இருபது பொம்பளைகள் வட்டமாக உட்கார்ந்து செய்யும் வேலை. கைக்கு எவ்வளவு வேலையோ வாய்க்கும் அவ்வளவு. போன மாதம் மார்க் பட்டியல் வந்ததும் இவர்கள் எல்லாருக்கும் நான் லட்டு கொடுத்திருக்கிறேன்.

ஒச்சம்மாதான் ஆரம்பித்தாள். “என்ன காமுத்தாயி, பேத்தியை டிரெஸ்ஸு போட்டு அனுப்பியாச்சா? நர்சம்மா வந்து எனக்கு ஒரு ஊசி போடச் சொல்லு, இடுப்பு விட்டுப் போச்சு.”

“அடுத்த வருசம் போடுவா. அதுவரைக்கும் இடுப்பைப் பத்திரமா வச்சிரு.”

“ஏன், சீட்டைப் புடுங்கிட்டாங்களா?”

“தள்ளி வச்சிருக்காங்க. எழுதியே குடுத்திருக்காங்க. நீ எழுத்துக் கூட்டிப் படிச்சிருவன்னா நாளைக்குக் கொண்டாந்து காட்டுறேன்.”

சிரித்தார்கள். ஒச்சம்மா சிரிக்கவில்லை. நான் அஞ்சாம் வகுப்பு. இந்த வட்டத்தில் பேப்பர் படிக்கத் தெரிந்தது நான் ஒருத்திதான். முதலாளி வருஷா வருஷம் டைரி கொடுப்பதும் எனக்கு மட்டும்தான். அதைச் சொல்லிக் காட்டியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னபோது நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 3

கீர்த்தனா ராத்திரிச் சோறு சாப்பிடுவதில்லை. கூடப் படித்த சுபிக்‌ஷா மதுரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஹாஸ்டல் கட்டிலைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறாள். கீர்த்தனா அதை என்னிடம் காட்டினாள். கட்டில், மேலே ஒரு சிவப்புப் போர்வை. அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

பிறகு அம்மாவிடம் போய்ச் சொன்னாள். விளையாட்டாகத்தான்.

“ஒரு நாள் முன்னாடி என்னையப் பெத்திருக்கக் கூடாதாம்மா? முக்கிப் பாத்திருக்கலாம்ல?”

ஜெயக்கொடி கழுவிக்கொண்டிருந்த குக்கரை அப்படியே போட்டுவிட்டுக் கொல்லைக்குப் போனாள். வெகுநேரம் வரவில்லை. “அம்மாவுக்கு என்ன?” என்று கீர்த்தனா கேட்டாள். “உப்புக்கரைசல் குடிச்சா சரியாயிரும்” என்று ஏதோ சொன்னேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சுப்பிரமணியர் கோயிலில் அர்ச்சனை. மாதம் தவறாமல் பேத்தி பேருக்குச் செய்வதுதான். ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு, “கீர்த்தனா, அவிட்டம்” என்று அவரே சொல்லிவிட்டார். இத்தனை வருஷத்துப் பழக்கம். நான் தலையாட்டினேன். அப்புறம் தேங்காய் உடைத்த சத்தம் கேட்டு உடம்பு தூக்கிப் போட்டது.

அவள் அவிட்டம் இல்லை.

எழுதிவிடுகிறேன். இதை யாரும் படிக்கப் போவதில்லை.

அன்றைக்கு சனிக்கிழமை, மார்கழி, அமாவாசை. இங்கிலீஷ் தேதி டிசம்பர் 27. தலைப்பிரசவத்துக்கு ஜெயக்கொடி என் வீட்டில் இருந்தாள். ஆஸ்பத்திரிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வண்டி பிடிக்கக்கூட நேரமில்லை. பக்கத்துத் தெருவில் இருந்த நர்சம்மா சகாயமேரி ஓடி வந்தது. பத்தே காலுக்குப் பிள்ளை வெளியே வந்துவிட்டது. அந்தம்மாவே சொட்டு மருந்து ஊற்றி, அட்டையில் தேதி எழுதிக் கொடுத்தது.

மத்தியானம் போடிக்குப் போய் ஜோசியரைப் பார்த்தேன். அவர் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, “பொம்பளப் பிள்ளையா?” என்று கேட்டார். கேட்ட விதத்திலேயே தெரிந்துவிட்டது. மூலம். மாமனாருக்கு ஆகாது என்று எந்த வீட்டிலும் எடுக்க மாட்டார்கள். அதுவும் மாப்பிள்ளை வீட்டில். அவருடைய அண்ணனுக்குப் பரிசம் போட்ட பெண் மூலம் என்று தெரிந்ததும் வெற்றிலைத் தட்டைத் திருப்பி அனுப்பியவர்கள் அவர்கள். அந்தப் பெண் கடைசி வரை கல்யாணம் ஆகாமலே இருந்தது. எங்களோடு ஏலக்காய் ஆய்ந்தது. நான் பார்த்திருக்கிறேன்.

“அடுத்து நல்ல நட்சத்திரம் எப்ப வருது?” என்று கேட்டேன். முப்பத்தொன்றாம் தேதி பூரா அவிட்டம், மறுநாள் காலை ஏழு மணி வரைக்கும் இருக்கிறது, பெண் பிள்ளைக்கு அதைவிட நல்லது இல்லை என்றார்.

மாப்பிள்ளை அப்போது மலையில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கே போன் எடுக்காது. புது வருஷத்துக்குத்தான் இறங்கினார். பிள்ளை இன்றைக்கு விடியக்காலையில்தான் பிறந்தது என்று சொன்னோம். அஞ்சு நாள் பிள்ளையை அவர் எங்கே கண்டார்? தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். வி.ஏ.ஓ. ஆபீசில் போய் நான்தான் பதிந்தேன். கைநாட்டு வைக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். “எழுத்து முத்து முத்தா இருக்கேம்மா” என்றார்.

இன்னொன்றும் இருக்கிறது. முப்பத்தொன்று என்று சொல்லியிருந்தாலும் அவிட்டம்தான். நான்தான் ஒன்று என்றேன். புது வருஷத்தில் பிறந்த பிள்ளை என்றால் சொல்லிக்கொள்ளப் பெருமையாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 11

நேற்று எழுதியதைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். பின்பக்கத்தில் கேஸ் ஏஜென்சி நம்பர் இருக்கிறது. விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 19

ரேஷனில் பாமாயில் இல்லை. கீர்த்தனா மெலிந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 28

ஜெயக்கொடி வந்தாள். கதவைச் சாத்திவிட்டுப் பேசினாள். என்றைக்கும் அவள் குரல் உயர்த்தியதில்லை. இன்றைக்கும் உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“எம்மா, நீ சொல்றியா, நான் சொல்லட்டா?”

“என்னத்தை?”

“தெரியாத மாதிரி கேக்காத. அன்னைக்கு அந்த ஆபீசர் உங்கிட்ட என்ன கேட்டாரு? ‘வீட்டுல பொறந்த பிள்ளைன்னா சிலசமயம் தேதி மாறியிருக்கும், உண்மையான தேதி வேறயா? ரெக்காடு எதுவும் இருந்தா திருத்திக்கிட்டு வாங்க, செப்டம்பர் முப்பது வரைக்கும் பாப்போம்’னு கேட்டாரா இல்லையா? நீ என்ன சொன்ன?”

நான் சாத்திய கதவைப் பார்த்தேன்.

“‘சரியான தேதிதாங்க, நானே போய்ப் பதிஞ்சேன்’னு சொன்ன. நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொன்ன. நான் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்.”

“நீயும் வாயைத் தொறக்கலையே.”

“ஆமா. தொறக்கல. உன் வயித்துலதான பொறந்தேன்.”

அப்படிச் சொல்லிவிட்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்தி, “அவரு இறங்கி வர்றப்பல்லாம் பிள்ளையைத் திட்டுறாரும்மா. பொறுப்பில்லாதவ, பொறுப்பில்லாதவன்னு. அவளும் அதை நம்ப ஆரம்பிச்சிட்டா. நேத்து என்கிட்ட, ‘நான் நர்சுக்கு லாயக்கில்லம்மா, மருந்தை மாத்திக் குடுத்துருவேன்’னு சொல்றா” என்றாள்.

அவள் போன பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். சொட்டு மருந்து அட்டை அடியில்தான் இருந்தது. மஞ்சள் அட்டை. 27-12. சகாயமேரியின் கையெழுத்து கோணல்மாணலாக இருந்தது. ஆனால் எழுதியது சரி.

செப்டம்பர் 12, வெள்ளி

ஸ்டோருக்கு லீவு சொல்லிவிட்டு யாரிடமும் சொல்லாமல் போனேன். இவ்வளவு நாள் போகவில்லை. தினமும் நாளைக்கு என்று நினைத்தேன்.

வி.ஏ.ஓ. இப்போது ஒரு சின்னப் பொம்பளை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. மரியாதையாகத்தான் பேசியது.

“தகவல் குடுத்தது யாரும்மா?”

“நான்தான்.”

“அப்ப நீங்கதான் தப்பா சொல்லிட்டேன்னு நோட்டரிகிட்ட எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். தாலுகா ஆபீஸ்ல விசாரிப்பாங்க. அது முடிஞ்சாலும் பத்தாவது மார்க்‌ஷீட்டுல தேதி இருக்குல்ல? அதை மெட்ராஸ்ல மாத்தணும். ஸ்கூல்ல கேளுங்க.”

அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். ஹெட்மாஸ்டர் உட்காரச் சொன்னார். மார்க்‌ஷீட்டில் தேதி மாற்ற ஆறு மாதமோ எட்டு மாதமோ, சில பேருக்கு வருஷமே ஆகும் என்றார்.

“ஜூலையிலேயே வந்திருந்தா சார்?”

“அப்பவும் கஷ்டம்தான்மா. ஆனா…”

பேனாவை மூடி வைத்தார். “ஒண்ணு சொல்றேன்” என்றார். “இப்ப திருத்த எழுதிப் போட்டீங்கன்னா, அடுத்த ஜூன்ல பேப்பர் பாதி கெணத்துல நிக்கும். காலேஜ்ல ஒரு தேதி, இங்க ஒரு தேதின்னு ஆயிரும். கெடைச்ச சீட்டும் போயிரும். அப்படியே விட்டுருங்க. ஒரு வருஷம்தானே.”

ஒரு வருஷம்தானே.

வெளியே வந்தால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். கீர்த்தனா இந்த மைதானத்தில்தான் ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவது வந்தாள். ஏன் முதலாவது வரவில்லை என்று நான் கேட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

கீர்த்தனாவுக்குத் தலை வாரிப் பின்னிக்கொண்டிருந்தேன். முகம் தெரியாது, முதுகுதான் தெரியும். அதனால்தான் முடிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை, ஜோசியர், அந்த ஆபீசர் கேட்டது, நான் சொன்னது. ஒன்றாம் தேதியை ஏன் எடுத்தேன் என்பதையும் சொன்னேன்.

அவள் திரும்பவில்லை. “சீப்பை எடு” என்றாள். எடுத்தேன்.

“அப்ப எனக்கு டிசம்பர்லயே பதினேழு முடியுது.”

“ஆமா.”

“நான் சேந்திருக்கலாம்.”

“ஆமாத்தா.”

“காலேஜ்ல கேட்டப்பவே சொல்லியிருந்தா?”

“தெரியல. ஒருவேளை.”

எழுந்தாள். பாதி பின்னிய சடையோடு உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் குடித்தாள். நான் எதிர்பார்த்தது அழுகை. இல்லையென்றால் சத்தம். இரண்டும் இல்லை.

“அம்மாச்சி, என்னையக் கட்டிக்க எவனும் வரமாட்டான்னு நெனச்சியா? பொறந்த அன்னைக்கேவா?”

“உன் நல்லதுக்குத்தான்…”

“அதைச் சொல்லாத.” கையை நீட்டித் தடுத்தாள். “வருசம் போனது போகட்டும். அப்பா ரெண்டு மாசமா என்னையத் திட்டுறாரு. பொறுப்பில்லாதவன்னு. ஒரு நாள்கூட நீ வாயத் தொறக்கல. நீயே போய் அவருகிட்டச் சொல்லு. நான் சொல்ல மாட்டேன். அம்மா சொல்லக்கூடாது. நீ.”

“சொல்றேன்.”

“எப்ப?”

“சொல்றேன்டி.”

செப்டம்பர் 30

கல்லூரி ஆபீசர் சொன்ன தேதி முடிந்தது. மழை.

அக்டோபர் 9

கீர்த்தனா டைப்ரைட்டிங் கிளாஸில் சேர்ந்திருக்கிறாள். சாயங்காலம் இங்கிலீஷ் பேசும் வகுப்பும். அவளே போய் விசாரித்து, அவளே நேரம் கேட்டு, அவளே சேர்ந்தாள். பொறுப்பில்லாதவள் செய்யும் வேலையா இது?

மாப்பிள்ளை தீபாவளிக்கு வருவார். அப்போது சொல்வேன்.

அக்டோபர் 20

தீபாவளி. நல்ல நாளில் எதற்கு.

நவம்பர் 16

மாப்பிள்ளை வந்து இரண்டு நாள் இருந்தார். சாப்பிடும்போது சொல்லலாம் என்று ரசம் ஊற்றப் போனேன். அதற்குள் அவர், “இன்னைக்கு ஜீப்புல ஒரு நர்சுப் பிள்ளை வந்துச்சுத்தே, நம்ம பிள்ளை வயசுதான்” என்று ஆரம்பித்தார். கீர்த்தனா தட்டோடு எழுந்து போனாள். போகும்போது என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. எப்படியும் நீ சொல்ல மாட்டாய் என்பது மாதிரிப் பார்த்தாள்.

டிசம்பர் 27, சனி

இன்றைக்கு அவளுக்குப் பதினேழு முடிந்தது. மூன்று பேருக்குத் தெரியும். மூன்று பேரும் பேசிக்கொள்ளவில்லை.

ஜனவரி 1

புது டைரி பொங்கலுக்குத்தான் கிடைக்கும். இதன் கடைசிப் பக்கத்திலேயே எழுதுகிறேன்.

காலையில் மாப்பிள்ளை போடியிலிருந்து கேக் வாங்கி வந்தார். பெரிய கேக், மேலே கீர்த்தனா என்று சிவப்பு எழுத்து. அவள் கத்தியைக் கையில் எடுத்தாள். புதுச் சுடிதார். அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். பழக்க தோஷத்தில் வாயில் வந்துவிட்டது.

“ஒரே ஒரு நாள் முந்திப் பொறந்திருந்தா இந்நேரம் வெள்ளைக் கோட்டு போட்டுருப்பா. சரி, அதைப் படிச்சுப் பாக்கவாவது புத்தி வேணும்ல. வெட்டு, வெட்டு.”

கீர்த்தனா கத்தியை கேக்கில் வைத்தபடி குனிந்துகொண்டாள். பிடரி தெரிந்தது. பிறந்தபோது அந்தப் பிடரியில் அழுக்கு ஒட்டியிருந்ததை நான்தான் எண்ணெய் வைத்துத் துடைத்தேன்.

“மாப்ள” என்றேன். “அவ அஞ்சு நாள் முந்தியே பொறந்துட்டா.”

“என்னத்தே?”

“டிசம்பர் இருபத்தேழு. மூல நட்சத்திரம். உங்க வீட்டுக்குத் தெரியக்கூடாதுன்னு நான்தான் தேதியை மாத்திச் சொல்லிப் பதிஞ்சேன். காலேசுல கேட்டப்பவும் மறைச்சுட்டேன். பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல. திட்டணும்னா என்னையத் திட்டுங்க.”

முதலில் சிரித்தார். “புது வருசத்துல என்ன விளையாட்டு இது.” பிறகு ஜெயக்கொடியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பு நின்றது.

“உனக்கும் தெரியுமா?”

“தெரியும்.”

மகள் பக்கம் திரும்பினார். “உனக்கு?”

“செப்டம்பர்லருந்து.”

“அப்புறமும் நான் திட்டுனேன்ல. ஏன் சொல்லல?”

“அம்மாச்சி சொல்லட்டும்னு இருந்தேம்ப்பா.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் சத்தத்துக்குக் காத்திருந்தேன். ஆரன் மாதிரிக் கத்துவார் என்று. கத்தவில்லை. மெதுவாகக் கேட்டார்.

“மூலம்னு தெரிஞ்சா எம் பிள்ளையை நான் தூக்கியிருக்க மாட்டேன்னு நெனச்சீங்களாத்தே?”

இல்லை என்று சொல்ல நாக்கு ரெடியாக இருந்தது. பதினேழு வருஷம் பழகின நாக்கு.

“ஆமா மாப்ள. நெனச்சேன்” என்றேன்.

எழுந்து போய்விட்டார். ஜீப் கிளம்பிய சத்தம் கேட்டது. கேக் அப்படியே இருந்தது. எறும்பு வரும் என்று ஜெயக்கொடி அட்டைப் பெட்டியால் மூடினாள். மத்தியானம் யாரும் சாப்பிடவில்லை.

நாலு மணிக்கு ஜீப் வந்தது. மாப்பிள்ளை இறங்கவில்லை. ஆரனை ஒரு தடவை அடித்தார். கீர்த்தனா செருப்புகூடப் போடாமல் ஓடினாள். நான் ஜன்னலில் நின்றேன். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. அவர் ஏதோ சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, வண்டிக்குள்ளிருந்தே கையை நீட்டி அவள் தலையில் வைத்தார். எடுக்கவே இல்லை. ஜெயக்கொடியும் போனாள். அவளும் ஏறிக்கொண்டாள். கோயிலுக்கோ கடைத்தெருவுக்கோ, மூன்று பேரும் போனார்கள்.

என்னைக் கூப்பிடவில்லை. முன்னால் ஒரு ஆள் உட்கார இடம் இருந்தது, பார்த்தேன்.

கூப்பிடாததும் சரிதான்.